செத்தவீட்டுக்குச் சிவப்பு உடுத்தி வந்தவர்

அந்தக் கட்டடத்தில் என்னோடு வளர்ந்தவர்களுக்கு,

முதலில் என் எழுத்துக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். கோழி கிளறியது போலத்தான் இருக்கும். எந்த இடத்தில் எந்த ர, எந்த ள என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தட்டச்சு செய்கிற தங்கச்சி திருத்திக்கொள்ளட்டும். ஊரில் ஐந்தாம் வகுப்போடு என் தமிழ்ப் படிப்பு நின்றுவிட்டது. இங்கே கனடாவுக்கு வந்து பள்ளிக்கூடம் போனேன் என்பது உங்களுக்குத் தெரியும். கடைசி வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்பதும் தெரியும். அதைப் படிப்பு என்று சொல்ல முடியாது. இப்போது மில்லிக்கனில் குசினி அலுமாரி செய்கிற பட்டறையில் வேலை செய்கிறேன். அங்கே பலகையில் பென்சிலால் அளவு குறிப்பதுதான் நான் எழுதுகிற எழுத்து.

நினைவு மலருக்கு ஆளுக்கு ஒரு பக்கமாவது எழுத வேண்டும் என்று கைபேசிக் குழுவில் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மற்றவர்கள் எழுதியதையெல்லாம் வாசித்தேன். எலிவேட்டர் நின்றுபோய் உள்ளே இருந்துகொண்டு தேவாரம் பாடியது, பின்பக்கத்துப் பனிமேட்டில் பிரம்புப் பாயைப் போட்டுச் சறுக்கியது எல்லாம் நல்ல கதைகள். தனியே இருந்து சிரித்தேன். என்னிடம் இருப்பது அப்படியான கதை இல்லை. என் அம்மாவின் செத்தவீட்டன்று, அம்மாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்ப்பதற்கு ஒருவர் வந்தார். அவரை நான் வாசலோடு திருப்பி அனுப்பினேன். அவரை உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஐந்தாம் மாடி அன்ரி.

இது 1993ஆம் ஆண்டு இலை கொட்டத் தொடங்கியதிலிருந்து அடுத்த கோடை வரை நடந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. நாங்கள் எட்டாம் மாடியில் இருந்தோம். அப்பாவுக்கு மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை. விடியப் போனால் இருட்டித்தான் வருவார். அம்மாவுக்கு ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து மடிக்கிற லோண்டரியில் வேலை. ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அம்மா ஒரு முனையைப் பிடிப்பார். மறுமுனையைப் பிடிப்பவர் ஐந்தாம் மாடி அன்ரி. கானா நாட்டுக்காரர். அம்மாவுக்கு ஆங்கிலத்தில் இருபது சொல் தெரியும். அன்ரிக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஒருவரையொருவர் ‘சிஸ்டர்’ என்று கூப்பிட்டுக்கொண்டு நாள் முழுக்க எதிரெதிரே நிற்பார்கள். பின்னேரம் ஐந்தரைக்கு ஒரே பஸ்ஸில் வந்து இறங்கி, நேரே எங்கள் குசினிக்கு வந்து தேத்தண்ணி குடிப்பார்கள். பகல் முழுக்கப் பேச முடியாமல் வைத்திருந்ததையெல்லாம் அப்போது என்னைக் கொண்டு பேசுவார்கள். வெளியில் வாய் திறக்காத நான் அந்தக் குசினியில் மட்டும் வாய் ஓயாமல் இருந்தேன். அன்ரி பேசியது ஆங்கிலம்தான். ஆனால் எனக்கு அது என் தமிழாகவே நினைவில் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

வேலை நாட்களில் அன்ரிக்கு நீலச் சீருடை. ஞாயிறு, விசேடம் என்றால் கானா உடுப்பு. கணுக்கால் வரை ஒடுங்கி இறங்கும் பாவாடை, தோள் இரண்டும் பொங்கி நிற்கும் சட்டை, அதே துணியில் தலைக்குக் கட்டு. கை அகலத்துக்குப் பெரிய பூக்கள், விசிறிகள், பறவைகள் எல்லாம் அந்தத் துணிகளில் இருக்கும். புதுத் துணி என்றால் நடக்கும்போது சரசரக்கும். எலிவேட்டரில் அவர் இறங்கிய பிறகும் மெழுகு மணம் நிற்கும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘கேற்றின் அன்ரி’. ஜன்னல் திரையைக் கழற்றி உடுத்திருக்கிறார் என்று. பெரியவர்கள் ‘அந்தக் கறுவல் மனுசி’ என்றார்கள். எங்கள் வீடுகளில் முகம் பார்க்கிற கண்ணாடி இருக்கவில்லை போல.

உங்களில் ஒருவர், இப்போது மார்க்கம் நகரில் பல் வைத்தியர், பெயர் சொல்லமாட்டேன், ஒருநாள் எலிவேட்டருக்குள் அவரைப் பார்த்துத் தமிழில் கேட்டது நினைவிருக்கிறதா? “என்ன அன்ரி, இண்டைக்கு உங்கட ஜன்னல் வெறுமையோ?” எல்லாரும் சிரித்தோம். அன்ரியும் சிரித்தார். மேலே வந்து அம்மாவிடம், “நல்ல பிள்ளையள். என்னைக் கண்டால் ஏதோ சொல்லிச் சிரிப்பினம்” என்றார்.

அம்மா என்னைப் பார்த்தார். “என்னடா சொன்னவங்கள்?”

“வணக்கம் சொன்னவங்கள்” என்றேன்.

வெளியில் அம்மாவுக்கும் அதே பார்வைதான் கிடைத்தது. சீலைக்கு மேல் குளிர்க்கோட்டும் காலில் சப்பாத்துமாக அம்மா நடந்தால் பஸ்ஸில் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு சனிக்கிழமை அம்மா சீலையிலும் அன்ரி கானா உடுப்பிலும் கடைக்குப் புறப்பட்டபோது, மூன்றாம் மாடி வெள்ளைக்காரக் கிழவி இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேடம் போட்டு எந்த விருந்துக்குப் போகிறீர்கள் என்று கேட்டார். அன்ரி மரியாதையாகத் தலையைச் சாய்த்து, “வெங்காயம் வாங்கப் போறம் அம்மா” என்றார். நான் அம்மாவுக்கு அதைச் சொன்னதும் கடை வரைக்கும் அம்மா சிரித்தார்.

ஆனால் அம்மாவுக்கும் எல்லாம் தெரிந்திருக்கவில்லை. ஒரு ஞாயிறு காலை அம்மா ஜன்னலால் பார்த்துவிட்டு ஐயோ என்று நெஞ்சில் கை வைத்தார். கீழே அன்ரி தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்திக் காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

“மனுசன் செத்திட்டார் போல கிடக்கு. பாவம். வெள்ளிக்கிழமைகூடச் சிரிச்சுக்கொண்டு நிண்டவ.”

அம்மா அழுதார். பிறகு மீன் குழம்பை மூடி வைத்துவிட்டுப் புட்டும் மரக்கறியும் சமைத்தார். பின்னேரம் அதைத் தூக்கிக்கொண்டு, என்னையும் பிடித்துக்கொண்டு ஐந்தாம் மாடிக்குப் போனார். கதவைத் திறந்தவர் வெள்ளைச் சட்டை போட்ட பெரிய மனிதர். அவரை நாங்கள் முன்பு கண்டதில்லை. அவருக்கு எப்போதும் மாலை வேலை.

“தமையன் வந்திருக்கிறார் போல” என்று அம்மா மெல்லச் சொன்னார். “ஆரெண்டு கேள் தம்பி.”

கேட்டேன். “நான் இவவின்ர புருசன்” என்றார் அவர்.

அம்மா சட்டியை என் கையில் தந்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். கதை விளங்கியபோது அன்ரி சிரித்த சிரிப்பில் கீழே உட்கார்ந்துவிட்டார். அவருடைய மகள், எங்கள் வகுப்பில் படித்தவர், உங்களுக்குத் தெரியும், ஓடிவந்து என்ன என்ன என்று கேட்டார். புருசன்காரர் செத்தவனுக்குப் பசிக்கிறது என்று சொல்லிப் புட்டில் பாதியை முடித்தார். வெள்ளை அவர்களுக்குச் சந்தோஷத்துக்கு உடுப்பது. அன்று யாரோ பிள்ளை பெற்றுத் தேவாலயத்தில் நன்றி சொன்னார்களாம்.

அம்மாவுக்கு ஆவல் பிடித்துவிட்டது. “அப்ப சாவுக்கு என்ன உடுப்பினம் எண்டு கேள்.”

“கறுப்பு. தெரிஞ்ச ஆக்கள், அயல் எல்லாம் கறுப்பு” என்றார் அன்ரி. “சொந்த ஆக்கள் எண்டால் சிவப்பு. பிள்ளை, புருசன், கூடப்பிறந்தது. சிவப்பு உடுத்துக்கொண்டு போனால், செத்தது என்ர ஆள் எண்டு எல்லாருக்கும் சொல்லுற மாதிரி.”

நான் மொழிபெயர்த்தேன். அம்மா என்னை மேலே அனுப்பிச் சூட்கேசிலிருந்து தன் கூறைச் சீலையை எடுத்துவரச் சொன்னார். கலியாணத்தன்று கட்டியது. சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு, சரிகை போட்டது. அதை விரித்ததும் அன்ரி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“சிஸ்டர், இது ஆர் செத்ததுக்குக் கட்டினது?”

நான் சொன்னதும் அம்மா யோசிக்கவே இல்லை. “நான்தான் செத்தது எண்டு சொல்லு.”

அன்று அந்த வீட்டில் சிரித்த மாதிரி இரண்டு பெண்கள் சிரித்து நான் பிறகு காணவில்லை. அப்பா வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே வெள்ளைக் கதையையும் சிவப்புக் கதையையும் சொன்னார். அப்பா ‘ம்’ என்றார். அப்பா எல்லாவற்றுக்கும் ‘ம்’ என்றுதான் சொல்வார்.

பள்ளிக்கூடத்தில் எல்லா நாட்டுப் பிள்ளைகளும் தங்கள் உடுப்பைப் போட்டு வரும் நாள் ஒன்று வந்தது. எனக்குப் போட ஒன்றும் இருக்கவில்லை. அப்பாவின் வேட்டி என்னைப் போல் மூன்று பேரைச் சுற்றும். அன்ரி மகளுக்குத் தைத்து மிஞ்சிய துணியில் எனக்கு ஒரு சட்டை தைத்துத் தந்தார். பச்சை நிறம், செம்மஞ்சள் விசிறிகள். முழங்காலுக்கு மேலே நிற்கும். கழுத்தைச் சுற்றி மஞ்சள் நூல் வேலை. கையை உயர்த்தினால் காற்று உள்ளே வந்து போகும். அதைப் போட்டுக்கொண்டு குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டுக் கண்ணாடி முன்னால் நான் நின்ற நேரத்தை அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கூச்சம் பிடித்த பிள்ளை நான். ஆனால் அந்தச் சட்டைக்குள் எனக்குக் கூச்சம் இருக்கவில்லை.

வகுப்பில் ஆசிரியை என் தோளைப் பிடித்துக்கொண்டுபோய் உலகப் படத்தில் இலங்கைக்குக் கீழே நிறுத்தினார். “பாருங்கள், இலங்கை உடுப்பு எவ்வளவு அழகு” என்றார்.

அன்ரியின் மகள் கையை உயர்த்தினார். “மிஸ், அது கானாச் சட்டை. என்ர அம்மா தைச்சது.”

ஆசிரியை சிரித்தார். வெயில் நாடுகளில் நிறங்களெல்லாம் ஒன்றுபோல இருக்கும் என்று ஏதோ சொன்னார். பிறகு என்னிடம் குனிந்து, “இது உன் நாட்டுச் சட்டைதானே?” என்று கேட்டார். நல்ல ஆசிரியை அவர். எனக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் கேட்டார். முப்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓம் என்று தலையாட்டினேன். அன்ரியின் மகள் அதற்குப் பிறகு இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

அன்று பின்னேரம் கோட்டைத் திறந்து விட்டபடி நான் கட்டடத்துக்குள் வந்தேன். கடிதப் பெட்டிகளுக்கு முன்னால் பெரியப்பா நின்றார். அப்பாவின் தமையன். எங்கள் ஆட்களில் முதலில் மார்க்கத்தில் வீடு வாங்கியவர். அவருடைய காரை நீங்களெல்லாம் சுற்றிச் சுற்றிப் பார்ப்பீர்கள். அவரோடு கட்டடத்து அங்கிள்மார் மூன்று நான்கு பேர். நீங்களும் சிலர் நின்றீர்கள்.

“டேய், ஆற்ற நைட்டியடா உது?”

அங்கிள்மார் சிரித்தார்கள்.

“நைட்டி இல்லை பெரியப்பா. சட்டை. ஐஞ்சாம் மாடி அன்ரி தைச்சுத் தந்தவ.”

“எந்த அன்ரி? அந்தக் கறுவலோ? கழட்டு.”

“மேல போய்க் கழட்டுறன்.”

“இஞ்சயே கழட்டு எண்டுறன். இண்டைக்கு உதைப் போடுவாய், நாளைக்கு மூக்கில எலும்பைக் குத்திக்கொண்டு வந்து நிப்பாய். நாங்கள் என்ன காட்டில இருந்தே வந்தனாங்கள்?”

கழற்றினேன். உள்பெனியனோடு நின்றேன். வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் குளிர் வந்து அடித்தது. பெரியப்பா சட்டையைச் சுருட்டிக்கொண்டு என்னோடு எட்டாம் மாடிக்கு வந்தார். எலிவேட்டருக்குப் பக்கத்தில் குப்பை போடுகிற குழாயின் இரும்பு மூடியைத் திறந்து அதற்குள் விட்டார். போத்தல் போட்டால் அது கீழே போய் உடைகிற வரைக்கும் சத்தம் கேட்கும். துணி போனால் ஒன்றும் கேட்காது. நான் நெடுநேரம் காது கொடுத்துக்கொண்டு நின்றேன்.

அம்மா வேலையால் வந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு நிலக்கீழ் அறைக்கு ஓடினார். குப்பை அறை பூட்டியிருந்தது. கதவில் கையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். பெரியப்பாவை எதிர்த்து ஒரு சொல் அவரும் சொல்லவில்லை. எங்களைக் கனடாவுக்கு எடுத்தவர் அவர். “அன்ரி கேட்டால், தோய்க்கப் போட்டிருக்கு எண்டு சொல்லு” என்றார். அன்ரி இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் தோய்க்கப் போட்டிருந்தது.

அடுத்த மாசி மாதம், பனி இடுப்பளவு கிடந்த ஒரு செவ்வாய்க்கிழமை, அம்மா லோண்டரியில் விழுந்தார். விரிப்பு தன் கையில் திடீரென்று தளர்ந்தது, நிமிர்ந்து பார்த்தபோது மறுமுனையில் ஆள் இல்லை என்று அன்ரி பிறகு சொன்னார். தலைக்குள் நரம்பு வெடித்திருந்தது. ஆம்புலன்சில் அன்ரிதான் கூடப் போனார். மூன்று நாள் இயந்திரத்தில் வைத்திருந்தார்கள். மூன்று நாளும் வேலை முடிந்து சீருடையோடு அன்ரி வந்து உட்கார்ந்தார். “உவ ஏன் எந்தநேரமும் இஞ்ச இருக்கிறா?” என்று பெரியம்மா கேட்டார். இயந்திரத்தை நிறுத்துகிற நேரம் சொந்தக்காரர் மட்டும் உள்ளே வரலாம் என்றார்கள். அன்ரி எழுந்து வெளியே போய் நடையில் நின்றார். நான் வெளியே வந்தபோது என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்தார்.

“நான் அவவைச் செத்தவீட்டில பார்க்கிறன். ஒருக்கா முகத்தைப் பார்த்துச் சொல்லிப்போட்டு வரவேணும்.”

செத்தவீடு ஞாயிற்றுக்கிழமை, ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எல்லா ஒழுங்கும் பெரியப்பாதான். அப்பா உயிரோடு இருக்க அம்மா போனதால் சுமங்கலியாக அனுப்ப வேண்டும் என்று அம்மாவுக்குக் கூறைச் சீலையைக் கட்டி, பெரிய பொட்டு வைத்துப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். நான் ஒரே பிள்ளை, கிரியை செய்ய வேண்டியவன். தலையில் தண்ணீர் வார்த்து, வெறும் மேலோடு வேட்டி கட்டி விட்டிருந்தார்கள். கார்ப்பெற் மேல் வெறுங்காலோடு நின்றேன். கிரியைக்குரிய சுண்ணப்பொடி இடிப்பதற்கு உரலைத் தேடிக்கொண்டிருந்த நேரம், பெரியம்மா வாசல் பக்கம் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தார்.

“ஐயோ, உங்க பாருங்கோ. செத்தவீட்டுக்குச் சிவப்பு உடுத்துக்கொண்டு வந்து நிக்கிறா.”

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அன்ரி நின்றார். கோட்டைக் கழற்றிக் கையில் போட்டிருந்தார். கால் வரை சிவப்பு. மேலே சிவப்பு. தலையில் சிவப்புப் பட்டி. கறுப்பு எங்கேயும் இல்லை.

“கலியாணவீடு எண்டு நினைச்சிட்டாவோ?”

“போறவளுக்குப் போட்டியாச் சோடிச்சுக்கொண்டெல்லோ வந்திருக்கிறா.”

“பெட்டிக்குக் கிட்ட விடாதேங்கோ. உவை செய்வினை செய்யிற ஆக்கள்.”

சிவப்பு என்ன என்று எனக்குத் தெரியும். என்னோடு அதைக் கேட்டறிந்த அம்மா பெட்டிக்குள் இருந்தார். அந்த மண்டபத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று அப்போது நினைத்தேன். அப்பாவின் ‘ம்’மை நான் கணக்கில் எடுக்கவில்லை.

பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். “டேய், இஞ்ச வா. உனக்குத்தானே அவவோட பழக்கம். போய் இங்கிலீசில சொல்லு, உந்த உடுப்போட உள்ள வரேலாது எண்டு.”

“பெரியப்பா, அது அவையின்ர...”

“அவையின்ர என்ன?”

பெண்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பெரியப்பாவின் மகன், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், “அவவின்ர நைட்டி போட்டவன்தானே” என்று மெல்லச் சொன்னார். யாரோ மூக்கால் சிரித்தார்கள். அம்மா அங்கே கிடக்க, சிரித்தார்கள். நான் வெறும் மேலோடு நின்றேன். அப்பா பெட்டிக்குப் பக்கத்துக் கதிரையில் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்டுமில்லை” என்றேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனேன். முன்கூடத்தில் வேறொரு செத்தவீட்டுக்கு வந்த வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று நின்றது. அவர்களில் ஒரு கிழவர் என் வேட்டியையும் அன்ரியின் சிவப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இங்கே ஏதும் நிகழ்ச்சி நடக்கிறதா என்று அங்கு வேலை செய்பவரிடம் கேட்டார். அன்ரி அதைக் கவனிக்கவில்லை. என்னைக் கண்டதும் கையில் இருந்த கோட்டை என் முதுகில் போட்டார்.

“குளிரும் மகனே. அம்மா எந்தப் பக்கம்?”

“அன்ரி, நீங்கள் உள்ள வரேலாதாம்.”

“ஏன்?”

“சிவப்பு.”

அவர் குனிந்து தன் உடுப்பைப் பார்த்தார். முகத்தில் வந்திருந்த பயம் போய்விட்டது. “ஓ, அதுவோ. அவைக்குத் தெரியாதுதானே. சிவப்பு ஏன் எண்டு நீ சொன்னனியோ?”

இல்லை என்று நான் சொல்லியிருந்தால், போய்ச் சொல்லிவிட்டு வா என்று என்னை அனுப்பியிருப்பார். நான் திரும்பிப் போய், அத்தனை பேருக்கும் முன்னால், பெரியப்பாவுக்கு முன்னால் நின்று, இவர் என் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவராக உடுத்தி வந்திருக்கிறார் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும்.

“ஓம். சொன்னனான்” என்றேன்.

“நான் தங்கச்சிக்கு உடுக்கிற மாதிரி உடுத்து வந்திருக்கிறன் எண்டும்?”

“ஓம்.”

“சொன்ன பிறகும் வேண்டாமாம்?”

நான் தலையாட்டினேன்.

அந்த நேரம் யாரோ உள்ளேயிருந்து கதவைத் திறந்தார்கள். சாம்பிராணிப் புகையும் ஒப்பாரியும் வெளியே வந்தன. அன்ரி கழுத்தை நீட்டிப் பார்த்தார். அங்கிருந்து பெட்டியின் கால்மாட்டுப் பக்கமும் கூறைச் சீலையின் கரையும் மட்டும்தான் தெரியும். முகம் தெரியாது. கதவு மூடிக்கொண்டது. அன்ரி என் தோளிலிருந்து கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். கீழ்ப் பொத்தானிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கழுத்து வரை பூட்டினார். தலைப் பட்டியை அவிழ்த்துச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். கோட்டுக்குக் கீழே ஒரு சாணைத் தவிர அவரில் சிவப்பு தெரியவில்லை. பஸ் நிற்குமிடத்துக்குப் பனிக்குள் நடந்து போனார்.

“அனுப்பிப்போட்டியே?” என்று பெரியப்பா கேட்டார்.

“ஓம்” என்றேன். அன்று நான் சொன்ன ஓம்களில் அது ஒன்றுதான் உண்மை.

பெரியப்பாவைக் கெட்டவர் என்று சொல்ல இதை எழுதவில்லை. அம்மாவுக்குப் பிறகு இரண்டு வருடம் பெரியம்மா வீட்டுச் சோறு எங்களுக்கு வந்துகொண்டிருந்தது. பெரியப்பாவுக்குச் சிவப்பு என்றால் கலியாணம். அதற்கு மேல் தெரியாது. தெரியாதவருக்கு ஒருவர் சொல்லலாம். சொல்ல அங்கே ஆள் நின்றது.

அன்ரி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டார். எங்கள் கதவை அதன் பிறகு தட்டவில்லை. முப்பத்தோராம் நாள் அயலுக்கெல்லாம் சாப்பாடு கொடுத்துவிட்டபோது நான் ஐந்தாம் மாடிக்கு மட்டும் போகாமல், கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். கோடை வந்தது. ஆடி மாதத்து வெக்கையில், எலிவேட்டருக்குள் எல்லாருக்கும் வேர்த்து ஒழுகும்போது, அன்ரி குளிர்க்கோட்டைக் கழுத்து வரை பூட்டிக்கொண்டு நிற்பார். கீழே கோட்டு முடிகிற இடத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பூத்துணி தெரியும். தேவாலயத்துக்குப் போகிற வழி. தமிழர் நிறைந்த அந்த முன்வாசலைத் தாண்டிக் காருக்குள் ஏறிய பிறகுதான் கோட்டைக் கழற்றுவார். நான் எட்டாம் மாடி ஜன்னலால் பார்த்திருக்கிறேன். நீங்கள் அதற்கும் ஒரு பகிடி வைத்திருந்தீர்கள். “அன்ரிக்கு உள்ளுக்குள்ள பனி கொட்டுது.” நானும் சிரித்தேன். பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முதல் அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள்.

ஆறு வருடத்துக்கு முன் அப்பா நோயாய்க் கிடந்தபோது இதை முதன்முதலாக அவரிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“கொம்மா எனக்கும் சொன்னவ. வெள்ளைக் கதையும் சிவப்புக் கதையும். சோறு போடேக்க.”

“அப்ப அண்டைக்கு மறந்துபோனீங்களோ அப்பா?”

“மறக்கேல்லை. அண்ணை சொல்லேக்க நான் என்னத்தைச் சொல்லுறது.”

அப்படியானால் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்திருக்கிறோம். அது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். இருக்கவில்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அன்ரியின் மகளை நம் குழுவில் சேர்த்திருக்கிறீர்கள். மலர் வெளியிடுகிற நாளன்று தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டிருந்தார். நீங்கள் கைதட்டுகிற படங்களாகப் போட்டு, கட்டாயம் வரவேண்டும் என்று எழுதினீர்கள். அதற்கு அவர் எழுதிய பதிலைப் பலர் கவனிக்கவில்லை. அம்மாவுக்கு வர விருப்பம், ஆனால் எந்த உடுப்போடு வந்தால் உங்கள் ஆட்களுக்குச் சரி என்று கேட்கச் சொன்னார் என்று எழுதியிருந்தார். முப்பது வருடம் ஆன பிறகும் அந்தக் கேள்வி. சிவப்பு ஏன் என்று எங்களுக்கு விளங்கியது, விளங்கிக்கொண்டுதான் தன்னை வாசலில் நிறுத்தினோம் என்று அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் சொன்னதை நம்பியதால் வந்த நினைப்பு அது.

அன்று மேடையில் என்னைப் பேசக் கூப்பிடாதீர்கள். எனக்கு வராது. அவருக்கு முன்னால் போய் நின்றாலும் என் வாய் திறக்குமோ தெரியாது. மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகையால் உங்களில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவர், அவர்கள் வருவதற்கு முதல், இதை ஆங்கிலமாக்கி அன்ரிக்கு வாசித்துக் காட்டுங்கள். மலரில் இடம் போதாவிட்டால் வெங்காயக் கதையையும் சட்டைக் கதையையும் வெட்டிவிடுங்கள். இந்த ஒன்றை மட்டும் வெட்டாதீர்கள். சிவப்பு ஏன் என்று நீ அவைக்குச் சொன்னனியோ என்று அன்ரி கேட்டார். நான் சொல்லவில்லை.

2024 ஐப்பசி 20, ஞாயிற்றுக்கிழமை